குடியுரிமை இல்லாமல் உள்ளாட்சியில் ஓட்டு: புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் குடியேறி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களிடம் உள்ளூர்த் தேர்தல் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "பாஸ்போர்ட்டே இந்த நாட்டுது இல்ல, நமக்கெங்க ஓட்டு?" என்பது ஒன்று. "பிஆர் வந்தாச்சு, இனிமே எல்லாத்துக்கும் போடலாம்" என்பது இன்னொன்று. பிஆர் என்றால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. நாட்டைப் பொறுத்து இரண்டுமே தப்பாக இருக்கலாம். முதலாமவர் கையில் இருக்கும் உரிமையைத் தெரியாமலே விட்டுவிடுகிறார், அதோடு போயிற்று. இரண்டாமவர் இருப்பது தவறான நாடாக இருந்தால் அந்த பிஆருக்கே ஆபத்து வரும்.

ஓட்டுப் போடும் நாளில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மற்றதெல்லாம் அதற்கு மாதக்கணக்கில், சில நாடுகளில் வருடக்கணக்கில் முன்பே முடிவாகிவிடுகிறது. உங்கள் முகவரி எந்தத் தேதியில் பதிவானது, நடுவில் எத்தனை மாதம் நாட்டில் இல்லை, எந்தப் படிவத்தில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதெல்லாம்தான் கணக்கு. அதனால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், குடியேறிய முதல் சில மாதங்களிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 1: நீங்கள் இருக்கும் நாடு எந்த ரகம்?

நாடாளுமன்றத் தேர்தல் அநேகமாக எல்லா நாடுகளிலும் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளாட்சி அப்படியில்லை. குப்பை, நூலகம், குழந்தைகள் காப்பகம், பூங்கா, சாலை என்று அங்கே குடியிருக்கும் எல்லோரையும் தொடும் வேலைகளைச் செய்வது நகராட்சி. பாஸ்போர்ட் பார்த்து அது குப்பை அள்ளுவதில்லை, வரி வாங்குவதும் இல்லை. இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்ட நாடுகள் பல. எந்த நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டன என்பதில்தான் வித்தியாசம்.

வசித்தால் போதும் என்ற நாடுகளில் முதலில் சொல்ல வேண்டியது அயர்லாந்து. 18 வயதாகி, அங்கே வழக்கமாகக் குடியிருந்தால் எந்த நாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அகதித் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கும் இது உண்டு. லக்சம்பர்க்கில் முன்பு ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2023 ஜூன் மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தல்தான் அதற்குப் பிறகு வந்த முதல் தேர்தல். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி குடியிருக்கும் எந்த நாட்டவருக்கும் உள்ளாட்சி ஓட்டு உண்டு, அதுவும் 16 வயதிலிருந்தே.

ஆண்டுக் கணக்கு பார்க்கும் நாடுகள் அடுத்த ரகம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் மூன்று ஆண்டு, டென்மார்க்கில் நான்கு, ஃபின்லாந்தில் இரண்டு, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஐந்து. ஒன்றியத்தில் சேராத நார்வே தவிர மற்ற நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஒன்றிய நாடுகளுக்குள் எங்கே குடிபெயர்ந்தாலும் உள்ளாட்சியில் வாக்களிக்கும் உரிமையை மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து உள்ளிட்ட நார்டிக் நாடுகள் தங்களுக்குள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஆண்டுக் கணக்கு மற்றவர்களுக்குத்தான், அதாவது நமக்கு.

பிஆர் பார்க்கும் நாடுகளில் நியூசிலாந்து தாராளமானது. நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்று, எப்போதாவது ஒரு முறை தொடர்ச்சியாக 12 மாதம் அங்கே வாழ்ந்திருந்தால், உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். 1975-லிருந்தே இப்படித்தான். தென் கொரியாவில் எஃப்-5 என்ற நிரந்தர வதிவிட விசா கிடைத்து மூன்று ஆண்டு கழிந்த, 18 வயது நிறைந்தவர்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை உண்டு. 2005-ல் சட்டம் வந்தது, 2006 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டன் தனி ரகம். அங்கே பாஸ்போர்ட்டின் நிறம் முக்கியம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், அதாவது இந்தியர், இலங்கையர், மலேசியர், சிங்கப்பூரர் உட்பட, தங்குவதற்கு முறையான அனுமதி இருந்தால் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் போன மாதம் வந்து இறங்கியவரும் இதில் அடக்கம். நாடாளுமன்றத் தேர்தலும் அடக்கம். இதை நம்பவே மறுக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், பதிவு செய்து கடிதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்புவார்கள்.

சுவிட்சர்லாந்தில் நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நூஷாட்டெல் 1849-லேயே வெளிநாட்டவருக்கு ஊராட்சி ஓட்டுக் கொடுத்த மாநிலம். ஜெனீவா 2005-ல்தான் கொடுத்தது, அதுவும் எட்டு ஆண்டு வசித்தவர்களுக்கு. ஜெர்மன் பேசும் பெரும்பாலான பகுதிகளில் இன்றும் இல்லை. ஸ்பெயின் ஒப்பந்தம் பார்க்கும்: தன் குடிமக்களுக்கு ஓட்டுக் கொடுக்கும் நாட்டின் குடிமகனுக்கு மட்டும்தான் தானும் கொடுக்கும். அந்தப் பட்டியலில் நார்வே, கொலம்பியா, நியூசிலாந்து, தென் கொரியா போன்ற நாடுகள் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் இல்லை.

கடைசியாக, கதவு சாத்தியிருக்கும் நாடுகள். கனடாவில் பிஆர் இருந்தாலும் மாநகராட்சி ஓட்டு இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா மூன்றிலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 1989-ல் கொடுத்துப் பார்த்தது, மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஜப்பானில் உச்ச நீதிமன்றம் 1995-ல் வேறுவிதமாகச் சொன்னது. வெளிநாட்டவருக்கு இந்த உரிமையை அரசியலமைப்பு உறுதி செய்யவில்லை, ஆனால் நிரந்தரமாக வசிப்பவர்களுக்குச் சட்டம் இயற்றி உள்ளாட்சி ஓட்டுக் கொடுத்தால் தடையும் இல்லை என்றது. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

அமெரிக்காவைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் அதைப் படிக்காமல் எந்தப் படிவத்தையும் தொட வேண்டாம்.

படி 2: நாள் கணக்கை ஆரம்பியுங்கள்

ஆண்டுக் கணக்கு பார்க்கும் நாட்டில் இருந்தால், உங்கள் கணக்கு விமானம் இறங்கிய தேதியில் தொடங்குவதில்லை. மக்கள் பதிவேட்டில் உங்கள் முகவரி ஏறிய தேதியில்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில் சில வாரமோ சில மாதமோ போயிருக்கலாம். நண்பர் வீட்டில் தங்கியிருந்ததால் பதிய முடியவில்லை, வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை என்று தள்ளிப் போட்டவர்கள் ஒரு தேர்தலையே தவறவிட்டிருக்கிறார்கள். ஸ்வீடனில் உள்ளாட்சித் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. 2022 செப்டம்பர் 11-ல் நடந்தது, அடுத்தது 2026 செப்டம்பர் 13. மூன்று ஆண்டு நிறைய ஒரு வாரம் குறைந்தாலும் இன்னொரு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

எந்தத் தேதி நிலவரத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடனில் தேர்தல் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு. ஃபின்லாந்தில் தேர்தலுக்கு 51 நாள் முந்தைய நிலவரம். நெதர்லாந்தில் வேட்பு மனு தாக்கல் செய்யும் நாளன்று ஐந்து ஆண்டு நிறைந்திருக்க வேண்டும், தேர்தல் நாளன்று நிறைந்தால் போதாது. உங்கள் தேதி ஓரத்தில் நிற்கிறது என்றால் இந்த நுணுக்கத்தை நகராட்சியிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் "தொடர்ச்சியாக" என்ற நிபந்தனை. நம் ஆட்களுக்கு இதில்தான் அதிகம் அடிபடும். பிரசவத்துக்கு, அப்பா அம்மா உடல்நிலைக்கு, வேலை மாறும் இடைவெளியில் என்று ஆறு மாதம், எட்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வருகிறோம். நான்கு வார விடுமுறையால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இடம்பெயர்வதாகத் தெரிவிக்க வேண்டும். நெதர்லாந்தில் 12 மாதத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். ஸ்வீடனில் ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் தெரிவிக்க வேண்டும். இப்படிப் பெயர் எடுபட்டால் திரும்பி வந்த பிறகு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. என்ன இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் போதும். சொல்லாமல் போய்விட்டு, பதிவேட்டில் மட்டும் அங்கேயே இருப்பதாகக் காட்டுவது வேண்டாம். பின்னால் பிஆருக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தத் தேதிகளையெல்லாம் தோண்டிப் பார்ப்பார்கள்.

படி 3: உங்கள் சொந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இதை யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டில் ஓட்டுப் போட்டால் நம் நாட்டுக் குடியுரிமைக்கு ஏதாவது ஆகுமா?

இந்தியர்களுக்கு: 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை போகும். வெளிநாட்டவர் என்ற முறையிலேயே உள்ளாட்சியில் வாக்களிப்பது குடியுரிமை பெறுவது ஆகாது.

மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு வெளிநாடு தன் குடிமக்களுக்கு மட்டுமே தரும் உரிமையை நீங்கள் விரும்பிக் கேட்டுப் பயன்படுத்தினால் குடியுரிமையைப் பறிக்க, மலேசிய அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டில் நடக்கும் அரசியல் தேர்தலில் வாக்களிப்பதையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சிங்கப்பூரிலும் இதே போக்கில் விதி இருக்கிறது. "வெளிநாட்டவர் எல்லோருக்கும் கொடுக்கும் ஓட்டு, குடிமக்களுக்கு மட்டுமான உரிமை இல்லையே" என்று வாதாடலாம், வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கே ஏன் போக வேண்டும்? பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்ன "ஒண்ணும் பிரச்சினை இல்ல" பிற்பாடு எதற்கும் உதவாது.

படி 4: பட்டியலில் பெயர் ஏற்றுவது

சில நாடுகளில் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து, நெதர்லாந்து ஆகியவற்றில் மக்கள் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் தயாராகிவிடும், வாக்களிப்பு அட்டை வீட்டுக்குத் தானாக வரும். பதிவேட்டில் முகவரி சரியாக இருந்தால் போதும். ஸ்வீடனில் தேர்தலுக்கு 30 நாள் முன்னால் இருக்கும் விவரப்படி பட்டியல் எடுக்கப்படுகிறது. அதில் உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் தேர்தலுக்கு 12 நாள் முன்பு வரை மாவட்ட நிர்வாகத்திடம் திருத்தம் கேட்கலாம்.

இன்னும் சில நாடுகளில் நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். பெல்ஜியத்தில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும், நாட்டின் அரசியலமைப்பையும் சட்டங்களையும் மதிப்பதாக ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்திட வேண்டும். தேர்தல் அக்டோபரில், பதிவோ ஜூலை இறுதியோடு முடிந்துவிடும். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டத் தொடங்கும்போது கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். லக்சம்பர்க்கில் தேர்தலுக்கு 55 நாள் முன்பு வரை பதியலாம். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியலில் ஏறிவிட்டால் ஓட்டுப் போடுவது கட்டாயம். பெல்ஜியத்திலும் பிரஸ்ஸல்ஸ், வலோனியா பகுதிகளில் அப்படியே. "பெயரைப் போட்டு வைப்போம், தோன்றினால் போவோம்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

பிரிட்டனில் இணையத்தில் பதிவு செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். இல்லாவிட்டால் அடையாளத்தை நிரூபிக்க வேறு ஆவணம் கேட்டு எழுதுவார்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு வரை அவகாசம். படிவத்தில் "திறந்த பட்டியல்" என்று ஒன்று வரும். அதில் பெயர் இருந்தால் யார் வேண்டுமானாலும் விலை கொடுத்து வாங்கலாம், விளம்பரக் கடிதங்கள் வரும். வேண்டாம் என்று டிக் செய்துவிடுங்கள், வாக்குரிமைக்கு எந்தப் பாதிப்பும் வராது. பட்டியலில் பெயர் இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கும் உதவும். மொபைல் இணைப்போ கிரெடிட் கார்டோ கிடைக்காமல் திண்டாடும் புதியவர்கள் பலர் முதலில் பதிவு செய்வது அதற்காகத்தான். எதற்காகச் செய்தால் என்ன, ஓட்டு கிடைக்கிறதே. மாணவர்களாக இருந்து, விடுமுறையில் வேறு ஊரில் வேறு முகவரியில் வசிப்பவர்கள் இரண்டிலும் பதியலாம். அவை வெவ்வேறு கவுன்சிலாக இருந்தால் இரண்டின் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம், நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஒன்றில்தான்.

அயர்லாந்தில் பதிவு செய்ததும் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து வரும். 'எல்' என்றால் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், 'ஈ' என்றால் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு 'டி' வரும், அவர்கள் நாடாளுமன்றத்தின் கீழவைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நம்மில் பெரும்பாலோருக்கு 'எல்'. வாக்குச்சாவடியில் அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டி, அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எந்த வாக்குச்சீட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்வார். ஒரே நாளில் இரண்டு மூன்று தேர்தல் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கை நிறையச் சீட்டும் உங்களுக்கு ஒன்றும் கிடைத்தால் பதற வேண்டாம். பதிவு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், ஆனால் வரும் தேர்தலுக்குக் கணக்கில் வர வேண்டுமென்றால் 15 நாள் முன்னதாகவே முடித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தனியாக

கூட்டாட்சித் தேர்தல்களில் குடிமக்கள் அல்லாதோர் வாக்களிப்பது அங்கே குற்றம், 1996-ல் வந்த சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. மாநிலத் தேர்தல்களிலும் இல்லை. ஆனால் சில ஊர்களின் உள்ளாட்சியில் மட்டும் உண்டு. மேரிலாந்தின் டகோமா பார்க் 1992-லிருந்து தருகிறது. வெர்மாண்டில் மான்ட்பீலியர், வினூஸ்கி, பர்லிங்டன் ஆகிய நகரங்கள் பிற்பாடு சேர்ந்தன. சான் பிரான்சிஸ்கோவில் குழந்தைகள் உள்ள பெற்றோர் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். நியூயார்க் நகரம் 2021-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது, 2025 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டு நியூயார்க்கில் ஓட்டு உண்டு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிறீர்கள். 1993-ல் வந்த ஒரு சட்டப்படி, அங்கேயே வாக்காளர் பதிவுக்கும் வசதி செய்து தர வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது, கவுன்டரில் இருப்பவர் அவசரத்தில் இருக்கிறார், திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி வருகிறது. உறுப்பு தானம் செய்வீர்களா? முகவரி இதுதானா? வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா? எல்லாவற்றுக்கும் "ஆம்" அடித்துக்கொண்டே வந்த விரல் இதற்கும் அடித்துவிடுகிறது. அடுத்த திரையில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. சில வாரத்தில் வாக்காளர் அட்டையும் வீட்டுக்கு வந்துவிடும். அரசாங்கமே அனுப்பியிருக்கிறதே, அப்படியென்றால் உரிமை இருக்கிறது போல என்று ஒருவர் போய் ஓட்டும் போட்டுவிடலாம்.

பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா என்று கேள்வி வரும். அப்போதுதான் அந்த ஒரு "ஆம்" எவ்வளவு பெரியது என்று புரியும். குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டது நாடு கடத்தவே போதுமான காரணம் ஆகலாம், கிரீன் கார்டு இருந்தாலும்.

ஆகவே இரண்டு விதி. குடிமகனா என்று கேட்கும் எந்தப் படிவத்திலும் பொறுமையாகப் படித்து "இல்லை" என்றே எழுதுங்கள். வாக்குரிமை தரும் ஊரில் இருந்தாலும், மாநிலத்தின் பொதுப் படிவத்தை நிரப்பாமல், குடிமக்கள் அல்லாதோருக்காக அந்த ஊர் வைத்திருக்கும் தனிப் பதிவை மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாமல் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால், ஓட்டுப் போடாதீர்கள், அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு, அவர் சொல்லும் விதத்தில் எழுத்து மூலம் ரத்து செய்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாக்காளர் பட்டியலில் உள்ள விவரம் குடியேற்றத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று சான் பிரான்சிஸ்கோ நகரமே விண்ணப்பிப்பவர்களை எச்சரிக்கிறது. விசா நிலை உறுதியாக இல்லாதவர்கள் ஒரு பள்ளி வாரிய ஓட்டுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

படி 5: வாக்களிக்கும் நாள்

எடுத்துப் போக வேண்டியது என்ன என்பதை அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் 2023 மே மாதத்திலிருந்து புகைப்பட அடையாளம் கட்டாயம். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் செல்லும். காலாவதி ஆகியிருந்தாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் உள்ளாட்சித் தேர்தல்களில் இந்தக் கட்டாயம் இல்லை. நெதர்லாந்தில் வீட்டுக்கு வந்த வாக்களிப்பு அட்டையும் அடையாள ஆவணமும் இரண்டுமே வேண்டும், அட்டையை மறந்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களால் போக முடியாவிட்டால் அட்டையில் கையெழுத்திட்டு நம்பிக்கையானவரிடம் கொடுத்தனுப்பலாம். ஒருவர் தன் ஓட்டைப் போடும்போது கூடுதலாக அதிகபட்சம் இரண்டு பேருக்காகவும் போடலாம்.

வாக்குச்சீட்டு நமக்குப் பழக்கமானது போல இருக்காது. ஸ்வீடனில் நாடாளுமன்றம், பிராந்தியம், நகராட்சி மூன்றுக்கும் ஒரே நாளில் தேர்தல். மஞ்சள் சீட்டு நாடாளுமன்றத்துக்கு, நீலம் பிராந்தியத்துக்கு, வெள்ளை நகராட்சிக்கு. வெளிநாட்டவருக்கு நீலமும் வெள்ளையும் மட்டும். எந்தெந்தத் தேர்தல் உங்களுக்கு உண்டு என்று அட்டையில் அச்சாகியிருக்கும். தேர்தல் நாள் கூட்டம் வேண்டாம் என்றால் 18 நாள் முன்பிருந்தே முன்கூட்டி வாக்களிக்கலாம், அலுவலர்களும் அவசரமில்லாமல் பதில் சொல்வார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்து உள்ளாட்சியிலும் ஒரு பெயருக்கு மட்டும் குறி போடுவதில்லை. மிகவும் பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று எண் போட வேண்டும். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம், ஒருவரோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு 1 போட்டால் ஓட்டு வீண். இங்கிலாந்தில் அதற்கு நேர்மாறு, பெருக்கல் குறிதான். நியூசிலாந்தில் சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். அங்கே சில கவுன்சில்களில் எண் போடும் முறை, சிலவற்றில் டிக் போடும் முறை. இரண்டும் கலந்தும் வரலாம் என்பதால் ஒவ்வொரு பகுதியின் தலைப்பில் உள்ள குறிப்பையும் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

யாருக்குப் போடுவது? அது உங்கள் பாடு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நாட்டு அரசியலில் பெரிதாகக் கேட்கும் கட்சிப் பெயரைப் பார்த்துப் போடாமல், அந்த வேட்பாளர் உங்கள் வார்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். விசா விதியைக் கவுன்சிலர் மாற்ற முடியாது. குழந்தைகள் காப்பகத்தில் இடம், தெரு விளக்கு, வழிபாட்டுக் கூடத்துக்கான கட்டட அனுமதி போன்றவையெல்லாம் அவர் மேசைக்கு வருபவை.

வேட்பாளராக நிற்கலாமா?

அயர்லாந்து, நெதர்லாந்து, நார்டிக் நாடுகளில் வாக்குரிமை இருக்கும் வெளிநாட்டவர் நிற்கவும் செய்யலாம். பெல்ஜியத்தில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களும், நியூசிலாந்தில் பிஆர் மட்டும் உள்ளவர்களும் வாக்களிக்கலாமே தவிர நிற்க முடியாது. கட்சிக்கு நன்கொடை கொடுப்பதற்குத் தனி விதிகள் உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட, பணம் கொடுக்கக் கூடாது.

வாக்குரிமையே இல்லாத நாட்டில் இருந்தால்

சரி, நீங்கள் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருக்கிறீர்கள். ஓட்டு இல்லை, ஆனால் செய்ய ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் வெளிநாட்டவர் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு உண்டு. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அதை இன்டெக்ரேஷன்ஸ்ராட் என்று அழைத்து வந்தார்கள். அதற்கான வாக்குச்சீட்டு அறிவிப்பு வீட்டுக்கு வரும்போது விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதிகாரம் குறைவுதான், கவுன்சில் அதன் யோசனையைத் தள்ளிவிடவும் செய்யலாம். ஆனால் உங்கள் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறும். ஜப்பானில் கவாசாகி நகரம் 1996-லிருந்து வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களுக்கென்று ஒரு பிரதிநிதிகள் அவை நடத்துகிறது. ஜெர்மனியில் நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் தொழிலாளர் குழுத் தேர்தலில் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, ஆஸ்திரியாவின் தொழிலாளர் மன்றத் தேர்தலிலும் அப்படியே. சம்பளம், வேலை நேரம், பணிநீக்கம் பற்றியெல்லாம் பேசும் இடங்கள் அவை. சில சமயம் மாநகராட்சி ஓட்டைவிட இதுதான் உடனடியாகப் பயன்படும்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அட்டை பழைய வீட்டுக்குப் போகும். அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டால் வாக்காளர் பதிவு தானாக மாறிவிடும் என்று எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. அயர்லாந்தில் 'எல்' என்ற எழுத்தை மாற்றச் சொல்லி நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், மாற்றாமல் பொதுத் தேர்தலுக்குப் போனால் சீட்டு கிடைக்காது. நாட்டை விட்டே கிளம்புகிறீர்கள் என்றால் மின்சாரம், வங்கிக் கணக்கு என்று முடித்துக் கொடுக்கும் வரிசையில் மக்கள் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் சேர்த்துக்கொண்டு, பெயர் நீக்கியதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.